உளநோயும் காப்புறுதியும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் சமூகத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘அங்கொடை’ என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று. அது ஒரு வசைச்சொல்லுமாகும். கொழும்பின் புறநகராகிய அவ்வூரை ஒருபோதும் கண்டிராத கல்முனைக்குடிச் சிறுவனும் விளையாட்டில் தன் தோழனை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும் என்று ஏசுவான். தமிழகத்திலே இப்பணியைச் சென்னையின் கீழ்ப்பாக்கமும் தென்கரையில் ஏர்வாடியும் செய்கின்றன. நோயைத் தீர்ப்பதற்கென அமைந்த இடத்தின் பெயர் இழிசொல்லாக மாறுவதைத் தற்செயலான மொழி மாற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. மகரகமை என்றதும் புற்றுநோய் நினைவுக்கு வந்து அச்சம் தோன்றுவதுண்டு. ஆயின் மகரகமையைக் கொண்டு எவரும் எவரையும் ஏசுவதில்லை. அச்சத்துக்கும் இழிவுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டின் வரலாற்று அடிப்படையை விளங்கிக்கொள்ளாமல் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவுக்கு விடை காணவியலாது.

அவ்வினா இதுதான். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் ஆசிரியராகவும் இலிகிதராகவும் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் ஒரு கணிசமான நடுத்தர வர்க்கம் உண்டு. அவர்களது சம்பளத்திலிருந்து மாதந்தோறும் மருத்துவக் காப்புறுதிக்கென ஒரு தொகை கழிக்கப்படுகின்றது. வீட்டில் ஒருவருக்கு இருதய நோய் ஏற்பட்டால் தயக்கமின்றிப் படிவம் நிரப்பிப் பணத்தைக் கோருகின்றனர். உளநோய் ஏற்பட்டாலோ நிலைமை வேறு. காப்புறுதியைப் பயன்படுத்துவதா, அன்றிக் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டு வாய்மூடி இருப்பதா என்ற கேள்வி எழுகின்றது. பெரும்பாலோர் இரண்டாவதையே தெரிவுசெய்கின்றனர். இது பொதுவாகத் தனிமனித விவேகம் சார்ந்த விடயமாகவே பேசப்பட்டு வருகின்றது. அதனை வரலாற்றில் வைத்து நோக்குவதே எமது நோக்கம்.

பித்தர் எனக் கருதப்பட்டோரைக் குறித்து இலங்கையில் முதலாவது கட்டளைச் சட்டம் 1839இல் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து அத்தகையோர் தங்கவைக்கப்பட்ட இடம் ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலையாகும். அதற்கு முன்னர் அவர்களுக்குரிய இடமாகச் சிறைச்சாலையே இருந்தது. 1847 அளவில் பொறளையில் தனியான காப்பகம் ஒன்று எழுந்தது. 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒருவரைப் பித்தரெனத் தீர்மானித்து அடைத்துவைக்கும் அதிகாரத்தை நீதிமன்ற விசாரணையின் வழிப்படுத்தியது. இங்கு ஒரு விடயத்தை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வேறெந்த நோயாளியும் வைத்தியரின் வாசலுக்கே செல்கின்றான். உளநோயாளி நீதவானின் முன் கொண்டுவரப்படுகின்றான். குற்றவாளிக்குரிய நடைமுறையும் நோயாளிக்குரிய நடைமுறையும் ஒன்றாகிவிட்ட இவ்விடத்திலேதான் ‘அங்கொடை’ வசைச்சொல்லாகும் வரலாறு தொடங்குகின்றது எனலாம். அங்கொடை வைத்தியசாலை 1926இல் தொடங்கியபொழுது கட்டடமே புதியதாக இருந்தது. சட்டம் 1873ஆம் ஆண்டினதாகவே இருந்தது.

குடியேற்ற அரசுக்கு உளநோய் ஒரு சுகாதாரப் பிரச்சினையாக அன்றி ஒழுங்குப் பிரச்சினையாகவே தோன்றியதில் வியப்பில்லை. வேலைக்கு உதவாத உடல்களை நகரத் தெருக்களிலிருந்து அகற்றுவதே அதன் தேவை. 1937இல் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வேட் மேப்போதர் இங்கு அழைக்கப்பட்டார். நெரிசல் மிகுந்த ஒரே காப்பகத்தை நம்பியிராது பொது வைத்தியசாலைகளுடன் இணைந்த வெளிநோயாளர் சிகிச்சையை விருத்திசெய்ய வேண்டுமென அவர் அறிக்கையிட்டார். 1939இல் கொழும்பில் வெளிநோயாளர் நிலையமொன்று தொடங்கியது. கொழும்புக்கு வெளியே அது பரவுதற்குப் பல தசாப்தங்கள் சென்றன.

கல்முனையிலிருந்து அங்கொடை தரைவழியே 300 கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. 1928இல் வந்த புகையிரதமும் மட்டக்களப்புடன் நின்றுவிட்டது. எனவே இக்கரையோரத்தில் உளநோய்க்கு நடைமுறையில் இருந்த சிகிச்சை ஓதிப் பார்த்தல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல், நூல் ஓதிக் கட்டுதல் ஆகியனவும் பரிசாரியின் எண்ணெயும் குடிநீருமே. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு நேர்த்தி வைத்தலும் இதனுள் அடங்கும். முற்போக்காளர் சிலர் இவற்றை மூடநம்பிக்கை என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். அது வரலாற்று நோக்காகாது. அரசு விட்டுச்சென்ற வெற்றிடத்தை மக்கள் தம்மிடம் இருந்ததைக் கொண்டு நிரப்பினர். மேலும், ஜின் பிடித்துவிட்டது என்ற விளக்கத்துக்கு ஒரு சமூகப் பயனும் இருந்தது. ஜின் வெளியிலிருந்து வருவது. வந்த வழியே செல்வது. அது குடும்பத்தின் இரத்தத்தைக் குற்றஞ் சாட்டுவதில்லை.

இக்கரையோர முஸ்லிம்களின் சமூக அமைப்பை அறிந்தோர் இதன் முக்கியத்துவத்தை எளிதில் உணர்வர். இங்கு குடி தாய்வழியே வருகின்றது. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்காயர் உண்டு. மணமானபின் கணவன் மனைவியின் வீட்டுக்குச் செல்கின்றான். அவ்வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் பெற்றோர் கட்டிக்கொடுத்ததாகும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் பெண்மக்களின் வீடுகளாக உருப்பெறும் இவ்வமைப்பில், கலியாணப் பேச்சு என்பது இரு மனிதரின் இணைவு மாத்திரமன்று. சொத்து கைமாறும் தருணமுமாகும். மாப்பிள்ளை வீட்டார் குடி விசாரிப்பர். தாய்வழியில் ஒருவருக்கு ‘விசர்’ இருந்ததாம் என்னும் பேச்சு ஒன்றே அக்கைமாற்றத்தைத் தடுத்துவிடக்கூடும். நோயாளியின் தங்கையரும் சாச்சியின் பெண்மக்களும் அவ்விலையைச் செலுத்துவர். ஆகவே மறைத்தல் என்பது அறியாமையின் விளைவன்று. ஒரு குறிப்பிட்ட சொத்துறவுக்குள் அது முற்றிலும் கணக்கறிந்த செயலாகும். ‘விழிப்புணர்வு’ ஊட்டினால் மக்கள் மறைக்கமாட்டார்கள் என்று நம்புவோர் இச்சொத்துறவைக் காண மறுக்கின்றனர். விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் கல்முனைக்குப் புதியனவல்ல. சீதன வீட்டை அவை அசைத்ததாகத் தெரியவில்லை.

இனி இலவச மருத்துவத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவுகொண்டது. நிவாரணப் பணியில் கிராமங்களுக்குள் இறங்கிய சூரியமல் இயக்கத்து இளைஞர்களே 1935இன் இறுதியில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். சர்வசன வாக்குரிமையும் இடதுசாரி இயக்கத்தின் அழுத்தமும் சேர்ந்து, 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணங்கள் நீங்கும் நிலையைத் தோற்றுவித்தன. பணம் இல்லாத காரணத்தால் நோயாளி திருப்பி அனுப்பப்படலாகாது என்ற கோட்பாடு இந்நாட்டு மக்கள் போராடிப் பெற்ற பேறாகும். வரலாற்றின் முரண்நகை யாதெனில், வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை 1971இல் கொண்டுவரப்பட்டபொழுது நிதியமைச்சராக இருந்தவர் மலேரியா நிவாரணத்தில் கேகாலைப் பகுதியில் பெயர்பெற்ற என். எம். பெரேராவே. 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் அதே 1977இன் திறந்த பொருளாதாரம், அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் புறம்பாகத் தனியார் தொழில் பார்க்க வழிசெய்து, 25 சதத்தினும் பன்மடங்கு பாரிய கட்டணமொன்றுக்கு வாயிலைத் திறந்துவிட்டது. ‘சனல்’ என்ற சொல் எமது அன்றாடத் தமிழுக்குள் புகுந்தது இவ்வழியாகவே.

காப்புறுதியின் வரலாறும் இதே வளைவைப் பின்பற்றிச் செல்வதைக் காணலாம். 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு அத்துறை படிப்படியாக அரசின் தனியுரிமையாயிற்று. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் இடம் அளிக்கப்பட்டது. அரசாங்க ஊழியருக்கான ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதி 1990களின் பிற்பகுதியில் தோன்றியது. பின்னர் 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் கீழ் வந்தது. இங்கு எழ வேண்டிய கேள்வி எளிமையானது. மருத்துவம் இலவசமாக உள்ள நாட்டில் அரசே தன் ஊழியருக்கு மருத்துவக் காப்புறுதி அளிப்பானேன்? அரசாங்க வைத்தியசாலை மாத்திரம் போதாது என்பதனை அரசே ஒப்புக்கொண்ட ஆவணமாக அத்திட்டத்தை வாசிப்பதில் தவறில்லை.

கோதா வேலைத்திட்டம் பற்றிய 1875ஆம் ஆண்டு விமர்சனத்தில் மார்க்ஸ், சமூகத்தின் மொத்த உற்பத்தியிலிருந்து தனிமனித நுகர்வுக்கு முன்னர் கழிக்கப்பட வேண்டியவற்றைக் கணக்கிடுகின்றார். விபத்துக்கும் இயற்கை இடருக்கும் ஈடுகொடுக்கும் காப்புறுதி நிதியும், சுகாதாரம் முதலிய பொதுத் தேவைகளுக்கான ஒதுக்கீடும் அக்கணக்கில் அடங்குகின்றன. காப்பு என்பது அங்கே சமூகம் தனக்காக ஒதுக்கிக்கொள்ளும் பங்கு, விற்பனைச் சரக்கன்று. சரக்காக மாறும்பொழுது என்ன நிகழ்கின்றது? இடரை அளவிடக்கூடிய நோய் நல்ல சரக்காகவும், அளவிடவியலாத நோய் தீய சரக்காகவும் ஆகின்றன. எலும்பு முறிவுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மனச்சோர்வுக்கு அவ்வாறான எல்லைகளை வகுத்தல் கடினம். ஆண்டுக்கணக்கில் மருந்தும், மாதந்தோறும் வைத்தியரைக் காணுதலும், நீண்ட உரையாடலும் அதற்குத் தேவை. மருத்துவக் காப்புறுதியோ பெரும்பாலும் கட்டிலை மையமாகக் கொண்டு வகுக்கப்பட்டது. நோயாளி விடுதியில் தங்கினால் பணம் உண்டு, நடந்துவந்து சிகிச்சை பெற்றுச் சென்றால் சொற்பமே. இதன் விளைவு விசித்திரமானது. நோய் முற்றி ஒருவர் விடுதியில் கிடக்கும்வரை காத்திருப்பதே கணக்கின்படி இலாபமாகின்றது.

உளநோயும் தனக்குத்தானே விளைவித்த காயமும் உலகின் பல நாடுகளில் தனியார் காப்புறுதி ஒப்பந்தங்களின் விலக்குப் பட்டியலில் நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளன. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் தற்கொலை வீதம் உச்சத்தை எட்டிய நாடு இது. தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவர் தண்டனைக்குரியவர் என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டது. அதுவரை, நஞ்சருந்திக் காப்பாற்றப்பட்டவரின் கட்டிலருகே வைத்தியருக்கு முன் பொலிஸார் வந்து நிற்கும் நிலை இருந்தது. 1873இன் நீதவான் இன்னொரு வேடத்தில் வந்தது போன்றதே அது.

கல்முனைக் கரைக்கு உளமருத்துவம் உண்மையில் வந்து சேர்ந்தது ஒரு பேரழிவின் பின்னரே. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையாகும். 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் மருதமுனையும் சில நிமிடங்களில் தம் கடற்புறத் தெருக்களை இழந்தன. தொடர்ந்து வந்த தொண்டு நிறுவனங்களுடன் ‘உளவளத்துணை’ என்ற சொல்லும் வந்தது. அவற்றுட் பல நிதி முடிந்ததும் சென்றுவிட்டன. எனினும் 2005இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய உளநலக் கொள்கை நிலைபெற்ற ஒரு மாற்றத்தைத் தொடக்கிவைத்தது. சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குப் பரவலாக்குவதும், உளநலத்துக்கெனப் பயிற்றப்பட்ட வைத்திய அதிகாரிகளைப் பிரதேச வைத்தியசாலைகளில் அமர்த்துவதும் அதன் சாரமாகும். மேப்போதர் கேட்டதற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 68 ஆண்டுகள். கல்முனையின் அரசாங்க வைத்தியசாலைகளில் உளநலச் சிகிச்சை இன்று கிடைக்கின்றது, இலவசமாகவே கிடைக்கின்றது.

அவ்வாறாயின் காப்புறுதி பற்றிய கேள்வி எழ வேண்டிய அவசியம் யாது? இலவசச் சிகிச்சை நிலையத்தில் கிடைக்காத ஒன்றை நடுத்தர வர்க்கம் விலைகொடுத்து வாங்க விரும்புகின்றது. அது மருந்தன்று. இலவச நிலையத்திலும் தனியார் வைத்தியசாலையிலும் அமர்ந்திருப்பவர் பல வேளைகளில் ஒரே வைத்தியர். எழுதுவதும் ஒரே மருந்து. வாங்கப்படுவது காணப்படாதிருக்கும் வசதி. கிளினிக் நாளில் வாங்கிலே வரிசையில் அமர்ந்திருப்பவரை ஊரே காணும். அடுத்த வாங்கிலே மாணவன் ஒருவனின் தாய் அமர்ந்திருக்கக்கூடும். எனவே ஆசிரியர் மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று ‘சனல்’ செய்கின்றார். மருதமுனையில் தறி நெய்பவருக்கும் மாட்டுப்பளை வயலில் கூலிக்கு அறுவடை செய்பவருக்கும் அவ்வசதி இல்லை. இவ்வாறாக இரகசியம் என்பதே ஒரு சரக்காகி, வர்க்கத்துக்கேற்ப விநியோகிக்கப்படுகின்றது. பணமுள்ளவனின் நோய் ‘நரம்புத் தளர்ச்சி’ ஆகின்றது. பணமற்றவனின் அதே நோய் ‘விசர்’ ஆகின்றது. சொல் வேறுபாட்டின் அடியில் இருப்பது வருமான வேறுபாடே.

இந்த இரகசியம் உடையக்கூடிய ஒரே இடம் கோரிக்கைப் படிவமாகும். ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவர் தம் மகளின் சிகிச்சைச் செலவைக் கோர விரும்பினால், நோயின் பெயரை வைத்தியர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். படிவம் அலுவலகத்தின் வழியே செல்லும். நிறுவனத் தலைவர் உறுதிப்படுத்துவார். இலிகிதர் கோவையில் இடுவார். இலிகிதர் அந்நியரல்லர். அதே பள்ளிவாசலில் தொழுபவர். ஒருவேளை மாப்பிள்ளை வீட்டாருக்கு உறவினர். நோயின் பெயர் எழுதப்படும் அச்சிறு கட்டம் கடந்துசெல்லும் மேசைகளின் எண்ணிக்கையை அவர் கணக்கிட்டுப் பார்க்கின்றார். படிவத்தை மடித்து வைத்துவிடுகின்றார். இந்த அச்சம் வெறும் கற்பனையென எவரும் கூறவியலாது. சிறிய ஊரில், பெரிய நகரத்தின் அநாமதேயத்தை எதிர்பார்த்து வரையப்பட்ட படிவமொன்று இவ்வாறே வேலைசெய்யும்.

இதனோடு மார்க்கம் சார்ந்த தயக்கமும் சேர்ந்துகொள்கின்றது. வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வணிகக் காப்புறுதி ஆகாது என்றும் கூட்டுறவு அடிப்படையிலான காப்புறுதி ஆகும் என்றும் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹ் பேரவை 1985இல் தீர்மானித்தது. அதற்கு முன்னரே 1979இல் சூடானில் தகாபுல் முறை தொடங்கியிருந்தது. 1990களின் இறுதியில் இலங்கைக்கும் வந்தது. எமது கரையோரத்தில் பலர் காப்புறுதியைத் தவிர்ப்பதற்குக் கூறும் காரணம் இதுவே. ஆயின் ஒன்றைக் கேட்கலாம். இருதய சத்திரசிகிச்சைக்குக் காப்புறுதிப் பணத்தைப் பெறும்பொழுது எழாத மார்க்கப் பிரச்சினை உளநோய்க்கு மட்டும் எழுவதேன்? ஜும்ஆவின் பின்னர் பள்ளிவாசல் வாயிலில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கென உதவி கோரப்படுவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். மனச்சிதைவுக்கென எவரும் துண்டு விரிக்கக் கண்டதில்லை. தடையாக இருப்பது பிக்ஹ் அன்று.

உண்மையில் இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாறு இதற்கு நேர்மாறான சான்றுகளைக் கொண்டுள்ளது. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். உள்ளம் நோயுறுதல் உடல் நோயுறுவதைப் போன்று இயல்பானதே என்பது அவரது நிலைப்பாடு. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய பீமாரிஸ்தானில் உளநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்தது. 1354இல் அலெப்போவிலும் 1488இல் எதிர்னேயிலும் எழுந்தனவற்றிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. செலவு வக்பு வருமானத்திலிருந்து கொடுக்கப்பட்டது. நோயாளி தவணைப்பணம் செலுத்தவில்லை. பழம்பெருமை பேசும் மேடைகளில் இவை அடிக்கடி எடுத்தாளப்படுவதை அறிவோம். அவ்வக்பு நிலங்களில் உழைத்து வரி கொடுத்த குடியானவரைப் பற்றி அம்மேடைகளில் எவரும் பேசுவதில்லை. எனினும் ஒரு விடயம் தெளிவு: உளநோயாளியின் பராமரிப்புப் பொதுச் செல்வத்தின் கடமை என்ற கருத்து இம்மக்களின் மரபுக்கு அந்நியமானதன்று.

பாக்குநீரிணைக்கு அப்பால் ஏர்வாடியில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் பயனுடையது. இராமநாதபுரம் மாவட்டத்து அத்தர்காவைச் சூழ்ந்து தனியார் விடுதிகள் பல முளைத்திருந்தன; வீட்டில் வைத்திருக்க முடியாதவர்களைக் குடும்பத்தார் அங்கே பணம் கட்டி விட்டுச்சென்றனர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியபொழுது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி மாண்டனர். அதனைத் தர்கா வழிபாட்டின் குற்றமாகக் காட்டியோர் உண்டு. நாம் காண்பது வேறு. அரசின் சிகிச்சை எட்டாத இடத்தில் நம்பிக்கை சந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது. சங்கிலி அச்சந்தையின் மலிவான ஊழியம்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் உளநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு அளிக்கும் அதே அடிப்படையில் உளநோய்க்கும் காப்புறுதி அளிக்க வேண்டுமெனக் காப்புறுதி நிறுவனங்களைப் பணித்தது. மறு ஆண்டில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் பழைய விலக்குப் பிரிவைக் காட்டிப் பணம் மறுக்கப்பட்டது. 2021இல் தில்லி உயர் நீதிமன்றம் அத்தகைய மறுப்பைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் 1996இல் தொடங்கிய சமநிலைச் சட்டம் 2008இல் விரிவாக்கப்பட வேண்டியிருந்தது. இவற்றிலிருந்து பெறப்படும் படிப்பினை ஒன்றுண்டு. தில்லியில் ஒருவர் தமது நோயின் பெயரை எழுதிப் பணத்தைக் கோரினார்; மறுக்கப்பட்டபொழுது வழக்காடினார். கோரிக்கையே எழாத இடத்தில் மறுப்பும் எழாது. மறுப்பு எழாத இடத்தில் சட்டம் பிறக்காது. நிதியத்தின் கணக்கேடுகளைப் பார்த்து எதிர்கால வரலாற்றாசிரியன் ஒருவன் கல்முனைக் கரையோரத்தில் உளநோயே இருக்கவில்லை என்று முடிவுகட்டினால் அவனைக் குறைகூற முடியாது.

ஆகவே எமது நிலைப்பாடு: காப்புறுதி உள்ளவர், அது இடமளிக்குமளவுக்கு, உளநோய்ச் சிகிச்சைக்கும் அதனைக் கோர வேண்டும். மாதந்தோறும் கழிக்கப்படும் தவணைப்பணம் எவரும் ஈந்த கொடையன்று. அது ஊழியரின் சம்பளத்தின் ஒரு பகுதி. அதனைக் கோராது விடுபவர் தம் கூலியின் ஒரு பங்கை வெட்கத்தின் பெயரால் திருப்பிக் கொடுக்கின்றார். ஆனால், துணிந்து கோருங்கள் என்று தனிமனிதரிடம் மட்டும் சொல்வது அறமாகாது. விலையைச் செலுத்தப்போவது அவரல்லர், அவரது பெண்மக்கள். ஆதலின் கோரிக்கை முதலில் படிவத்தைப் பற்றியதாக அமைய வேண்டும். நோயின் பெயர் அலுவலக மேசைகளைக் கடக்கலாகாது. வைத்தியரின் அறிக்கை ஒட்டிய உறையில் நேரே நிதியத்துக்குச் செல்லட்டும். நிறுவனத் தலைவர் உறுதிப்படுத்த வேண்டியது இன்னார் எமது ஊழியர் என்பதை மட்டுமே. கட்டிலில் கிடந்தால்தான் பணம் என்ற விதி மாறி, வெளிநோயாளர் சிகிச்சையும் மருந்தும் உட்பட வேண்டும். சம்பள உயர்வுக்கும் இடமாற்றத்துக்கும் போராடத் தெரிந்த ஆசிரியர் சங்கங்களுக்கு இது கடினமான விடயமன்று. சங்கம் பொதுவில் கோரும்பொழுது எந்த வீட்டுக்காகக் கோருகின்றது என்று எவரும் கேட்க முடியாது என்பதும் கவனத்துக்குரியது.

இக்கோரிக்கை வென்றாலும், படிவமே இல்லாதோர் எஞ்சியிருப்பர். விவசாயிகளுக்கான ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டம் 1987இலும் மீனவருக்கானது 1990இலும் சட்டமாயின. முதுமை, அங்கவீனம், மரணம் ஆகியவற்றை முன்னிறுத்தி எழுதப்பட்டவை அவை. கடலில் மகனை இழந்தபின் பேசாமலே போய்விட்ட தாய்க்கு அச்சட்டங்களில் இடம் இல்லை. அவளுக்கு உள்ளது கிளினிக் நாளும் அங்கு கிடைக்கும் மருந்துமே. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த காலத்தில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இல்லாத மருந்தை வெளியே வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. உளநோய் மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் மீளும். அத்துண்டை வைத்துக்கொண்டு பாமசியில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தவரிடம் காப்புறுதியைப் பயன்படுத்துவீரா என்ற வினாவை எழுப்ப முடியாது. ஆசிரியர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஒட்டிய உறைக்கு மேலே, முதலாவது இலக்கமாக, அரசாங்கக் கிளினிக்கின் மருந்து இடம்பெற வேண்டுவது இதனாலேயே.